அலுமினியப் பாகத்தில் விழுந்த கீறலைக் கறுப்பாக்குவது எப்படி?

கறுப்பு ஏர் ரைஃபிளில் வெள்ளிக் கோடு போல ஒரு கீறல் விழுந்துவிட்டால் கண் வேறெங்கும் போகாது. என் துப்பாக்கியின் தோளில் பதியும் அலுமினியத் தகட்டில் திருப்புளி வழுக்கி அப்படியொன்று விழுந்தது. எஃகுக்கு நிறமேற்றும் 'கோல்டு புளூ' திரவத்தைத் தடவி ஒரு மாலையை வீணாக்கினேன். நிறம் பிடிக்கவே இல்லை. அலுமினியத்துக்கென்றே பிர்ச்வுட் கேசி நிறுவனத்தின் 'அலுமினியம் பிளாக்' போன்ற திரவங்கள் இருக்கின்றன. மயிரிழைக் கீறல் என்றால் அதுகூட வேண்டாம், கறுப்பு மார்க்கர் பேனாவே போதும்.

முதலில் குழலில் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். அழுத்தக் காற்று அடைத்த உருளையைக் கழற்றி, கீறல் விழுந்த பாகத்தைத் தனியே பிரித்தெடுங்கள். கீறல் உருளையிலேயே இருந்தால் இந்த வேலையில் இறங்காதீர்கள். 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் பொருளைத் தேய்ப்பதும் அதில் அமிலம் தடவுவதும் விபரீதம்.

பாகத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, காய்ந்தபின் அசிட்டோனால் துடையுங்கள். விரல் ரேகையின் எண்ணெய் இருந்தாலும் திட்டுத்திட்டாகத்தான் வரும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கீறலை மட்டும் 600ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். சுற்றியுள்ள கறுப்பு நிறம், பெயின்ட் அல்ல. அனோடைசிங் எனும் மின்வேதி முறையில் உருவான ஆக்சைடு படலம், அதன் நுண்துளைகளில் ஏறிய சாயம். திரவம் அதன்மேல் வேலை செய்யாது, வெறும் உலோகத்தில்தான் பிடிக்கும். தேய்த்த இடத்திலும் காற்றுப் பட்டவுடன் புதிய ஆக்சைடு படியத் தொடங்கும் என்பதால் தாமதிக்காதீர்கள்.

இந்தத் திரவத்தில் அமிலமும் நச்சுத்தன்மை கொண்ட செலினியம் சேர்மமும் உண்டு. கையுறை, கண்ணாடி அணிந்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிறு மூடியில் சில சொட்டு ஊற்றி, பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தடவுங்கள். மிச்சத்தைப் புட்டியில் திரும்ப ஊற்றினால் புட்டி முழுவதும் கெடும். ஒரு நிமிடம் ஈரம் காயாமல் வைத்திருந்து, குளிர்ந்த நீரில் கழுவி ஒற்றியெடுங்கள். அழுத்தித் துடைத்தால் கறுப்பு பொடியாக உதிரும். நிறம் போதாவிட்டால் இரண்டு, மூன்று முறை திரும்பச் செய்யலாம். பிறகு மெல்லிய எண்ணெய் பூசி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

இது நிறம் மட்டுமே. அனோடைசிங்கின் கடினம் இதற்கு வராது. கை அடிக்கடி உரசும் இடத்தில் மங்கும். பெரிய பரப்பு தேய்ந்திருந்தால் அனோடைசிங் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். என் தகட்டில் டியூப்லைட் சாய்வாகப் படும்போது அந்த இடம் சற்றே பழுப்பாகத் தெரிகிறது. இடம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் விட்டுவிட்டேன்.