நாடி வழியாக மருந்து: ஓட வேண்டிய நேரத்தில் நிற்பதும், நிற்க வேண்டிய நேரத்தில் ஓடுவதும்

கையில் ஏற்றுகிற மருந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் நோயுள்ள இடத்துக்குப் போகும். அப்படியில்லாமல், தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடிக்குள் (இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மூளை வரைக்கும் அல்லது ஈரல் வரைக்கும் நகர்த்தி, மருந்தை அந்த இடத்திலேயே விடலாம். பாரிசவாதத்துக்கும் ஈரல் புற்றுநோய்க்கும் இந்த வழி உண்டு என்று கேள்விப்பட்டதும், திருகோணமலைப் பக்கக் குடும்பங்கள் பல இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கின்றன. நான் காணும் முதல் தவறு அதுதான். மூளையில் அடைபட்ட நாடியைத் திறக்கிறார்கள். ஈரலில் ஓடிக்கொண்டிருக்கும் நாடியை வேண்டுமென்றே அடைக்கிறார்கள். முதலாவதில் நிமிடங்களை எண்ண வேண்டும். இரண்டாவதில் பொதுவாக யோசிக்கச் சில கிழமைகளாவது இருக்கும்.

பாரிசவாதத்தில் நேரம் வீட்டிலேயே பறிபோகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. "கொஞ்சம் படுக்கட்டும், சரியாகிவிடும்" என்கிறார்கள். எண்ணெய் போட்டுத் தடவுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி விரல் நுனியை ஊசியால் குத்துகிறார்கள். பிறசர் ஏறியிருக்கும் என்று வீட்டிலுள்ள மாத்திரையை இரண்டாகக் கொடுக்கிறார்கள், அல்லது அஸ்பிரின் கொடுக்கிறார்கள். வந்திருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்பது சி.ரி. ஸ்கான் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. கசிவு என்றால் அஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். வாயால் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்; விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

அடுத்தது எனக்கு மிகவும் வேதனை தருவது: "அந்தக் குழாய் வைத்தியம் கொழும்பில்தான் இருக்கும்" என்று வான் பிடித்து நேரே கிளம்புவது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கையில் ஏற்ற, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலம்தான் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். போய்ச் சேரும் முன்னரே அந்த நேரம் முடிந்துவிடும். மூதூரோ கிண்ணியாவோ குச்சவெளியோ, 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஸ்கான் வசதியுள்ள அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். மேலே அனுப்ப வேண்டுமா என்பதை அங்கிருந்து முடிவெடுக்கட்டும். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள். தூங்கி எழும்பும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப் போன நேரம்தான் கணக்கு.

"கையில் ஏற்ற வேண்டாம், நாடிக்குள்ளேயே போடுங்கள்" என்று அடம்பிடிப்பதும் சரியில்லை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளையின் நடு நாடி அடைபட்டவர்களுக்கு ஆறு மணித்தியாலத்துக்குள் குழாய் வழியாகக் கரைக்கும் மருந்து விட்டார்கள். 100 பேரில் 40 பேர் தங்கள் காரியங்களைத் தாங்களே பார்க்கும் அளவுக்குத் தேறினார்கள். அது கிடைக்காதவர்களில் 25 பேர். ஆனால் நிலைமையை மோசமாக்கிய மூளைக் கசிவும் 2இலிருந்து 10 ஆகக் கூடியது. 2015க்குப் பிறகு, பெரிய நாடி அடைப்பில் கட்டியைக் கம்பிவலையால் இழுத்தெடுப்பதே முன்னுக்கு வந்துவிட்டது. நாடிக்குள் விடும் மருந்து இப்போது பெரும்பாலும் அதற்குத் துணைதான். இழுத்தெடுப்பது சிலருக்கு 24 மணித்தியாலம் வரை பலன் தரலாம் என்று 2018இல் வந்த ஆய்வுகள் காட்டின. "அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கானில் இன்னும் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி தெரிபவர்களுக்குத்தான் அது.

ஈரல் விஷயத்தில் நிலைமை தலைகீழ். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நகையை அடகு வைத்து, "நாளைக்கே அந்த ஊசியைப் போடுங்கள்" என்கிறார்கள். ஈரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் 'வாயில் நாளம்' (portal vein) என்ற இரத்தக் குழாயில் வருகிறது. கட்டியோ ஏறத்தாழ முழுக்க ஈரல் நாடியையே நம்பியிருக்கிறது. அதனால்தான் நாடிக்குள் புற்று மருந்தை விட்டு அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கிறது, மீதி ஈரல் தப்பிக்கிறது. தகுந்த நோயாளிகளுக்கு இது ஆயுளைக் கூட்டுகிறது என்று 2002இல் பார்சிலோனா, ஹொங்கொங் ஆய்வுகள் காட்டின. ஆனால் வாயில் நாளம் ஏற்கெனவே அடைபட்டிருந்தால், அல்லது மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் வரும் அளவுக்கு ஈரல் கெட்டிருந்தால், அதே சிகிச்சை ஈரலைச் செயலிழக்கச் செய்துவிடலாம். ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் வரும்வரை காத்திருப்பது வீண் தாமதம் இல்லை. சிறிய கட்டியை வெட்டி எடுக்கவோ சுட்டுப் பொசுக்கவோ முடியுமா என்றும் கேளுங்கள். முடிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

செய்த பிறகு சில நாட்கள் காய்ச்சல், வயிற்று வலி, குமட்டல் வருவது வழக்கம். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பயந்து மூலிகைக் கசாயத்துக்குத் தாவாதீர்கள். களைத்த ஈரலுக்கு அது கூடுதல் சுமை. காய்ச்சல் நிற்காமல் நடுக்கத்தோடு வந்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே திரும்பிப் போங்கள். சாராயம் அறவே கூடாது.

இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சுகருக்கான மெட்ஃபோமின், சிறுநீரகக் கோளாறு, முன்பு ஸ்கானுக்கு ஏற்றும் சாய மருந்து ஒவ்வாமல் போனது, இவற்றையெல்லாம் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். தொடை வழியாகச் செய்திருந்தால் சில மணித்தியாலம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும்; அந்த இடம் வீங்கினால் தாதியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், ஒருமுறையோடு முடிந்தது என்று மறு ஸ்கானைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர். கட்டியின் அளவு உடனே சுருங்காமலிருக்கலாம். ஒரு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கானில், அதற்குள் இன்னும் இரத்தம் போகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். போனால் திரும்பவும் செய்ய வேண்டி வரலாம்.