கடலை மிட்டாய்க்குப் பாகுப் பதம்

ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி உருண்டை வெல்லம் கிடைத்தால் கடலை மிட்டாய்க்கு அதையே வாங்குங்கள். ஒரு கப் உரித்த கடலைக்காயை மிதமான தீயில் வறுத்து, ஆறியதும் கையால் தேய்த்து முறத்தில் புடையுங்கள், தோல் பறந்துவிடும். முக்கால் கப் தட்டிய வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள்.

அப்புறம் பாகு. வடிகட்டிய வெல்லத் தண்ணீரை அடுப்பில் வைத்துக் காய்ச்சுங்கள். நுரைத்துக் கெட்டியாகும்போது ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டில் போடுங்கள். ‘டங்’கென்று சத்தம் வர வேண்டும். விரலில் அமுங்கினால் இன்னும் பொறுங்கள். அவசரப்பட்டு இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். எனக்கு முதல்முறை அப்படித்தான் ஆனது.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, சிட்டிகை சுக்குத்தூளும் கடலையும் போட்டுக் கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்துங்கள். சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். ஆறிய பிறகு வெட்டினால் கண்டபடி உடையும்.