கிறிஸ்தவம் பற்றிக் கேட்பவரிடம் நாம் செய்யும் தவறுகள்

"குட் ஃபிரைடேக்கு வாழ்த்துச் சொல்லலாமா, கூடாதா?" என்று கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஒருமுறை என்னிடம் கேட்டார். "அது இயேசு சிலுவையில் இறந்த நாள், அதனால் வாழ்த்துவதில்லை. அவர் உயிர்த்தெழுந்ததை ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் என்று கொண்டாடுவோம், அன்றைக்குச் சொல்லுங்கள்" என்றால் விஷயம் முடிந்தது. நான் ஆதாம் ஏவாளிலிருந்து ஆரம்பித்தேன். எகிப்தைத் தாண்டி தாவீது ராஜா வருவதற்குள் டீ ஆறிவிட்டது. அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அப்புறம் ஒரு வருடம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நாம் வைத்திருப்பதையெல்லாம் கொட்டுவதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

அடுத்தது நம் தமிழ். சபைக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்கு இது காதில் விழுவதில்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-ல் அச்சாகி முடிந்தது. சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில் வந்த திருத்தம். இரட்சிப்பு, கிருபை, ஸ்தோத்திரம் என்று அதற்கென்று ஒரு நடை. கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-இன் திருவிவிலியத்தில் இவை மீட்பு, அருள் என்று வரும். தண்ணீரால் சபையில் சேர்க்கும் சடங்கை ஒருவர் ஞானஸ்நானம் என்பார், இன்னொருவர் திருமுழுக்கு என்பார். புதிதாகக் கேட்பவர் இரண்டும் வேறு வேறு சடங்கு என்று நினைத்துக்கொள்வார்.

புரியாத சொல்லாவது பரவாயில்லை, "அப்படியென்றால்?" என்று கேட்டுவிடுவார்கள். தெரிந்த சொல் வேறு பொருளில் போய்ச் சேர்வதுதான் ஆபத்து. "பரிசுத்த ஆவி" என்றால் சிலருக்குப் பேய்க்கதை ஞாபகம் வரும். மூல எபிரேயச் சொல்லுக்குக் காற்று, மூச்சு என்றும் பொருள் உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். "அபிஷேகம்" என்றால் கோயிலில் சாமிக்குப் பாலூற்றுவது கண்முன் வரும். இதை ஒதுக்கிவிட்டுப் போக வேண்டாம், நமக்கு உதவும் சொல் இது. கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பொருளே அபிஷேகம் செய்யப்பட்டவர். இஸ்ரவேலில் ராஜாவைத் தலையில் எண்ணெய் ஊற்றி ஏற்படுத்துவார்கள். ராமர் பட்டாபிஷேகம் தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் சிக்கவைக்கும் சொல் "பாவம்". "பாவம், பையன் மழையில் நனைந்துவிட்டான்" என்று இரக்கத்துக்கும் அதைச் சொல்கிறோம், "அடப்பாவி" என்று திட்டவும் சொல்கிறோம். போதாததற்குப் பாவ புண்ணியக் கணக்கு, போன ஜென்மத்து வினை என்று அதற்குள் ஏற்கெனவே ஒரு முழுத் தத்துவம் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் எடுத்த எடுப்பில் "நாம் எல்லோரும் பாவிகள்" என்றால் ஒன்று கோபம் வரும், இல்லையென்றால் "சரி, நாலு புண்ணியம் செய்து ஈடுகட்டிக்கொள்ளலாம்" என்று நினைப்பார்.

விளக்குவதைவிட வேதாகமத்தில் லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையைச் சொல்லிவிடுவது மேல். அப்பா உயிரோடு இருக்கும்போதே இளைய மகன் பாகத்தைப் பிரித்துத் தரச் சொல்கிறான். அது எவ்வளவு பெரிய அவமானம் என்று நம்மூரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பணத்தையெல்லாம் அழித்து, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, வேலைக்காரனாகவாவது சேர்ந்துகொள்ளலாம் என்று திரும்பி வருகிறான். தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மகன் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்புப் பேச்சை முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை. உறவை அறுத்துக்கொண்டு போனது பாவம். ஈடு எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டது கிருபை. ஒழுங்காக வீட்டிலேயே இருந்த மூத்த மகன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பதையும் சொல்லுங்கள். சபைக்காரர்களாகிய நாம் அந்தக் கதையில் எங்கே நிற்கிறோம் என்று கேட்பவருக்குத் தானாகவே புரியும்.

தந்தை, மகன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவம் பற்றிக் கேட்டால் உடனே தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று ஆரம்பிக்கிறோம், ஞாயிறு பள்ளியில் கற்றது. அது தவறான உதாரணம். ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிறார் என்றுதான் அதற்குப் பொருள் வரும். சபெல்லியுஸ் பெயரால் அறியப்படும் அந்தக் கருத்தை மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை தள்ளிவிட்டது. யோர்தான் ஆற்றில் நடந்ததைச் சொல்வது நல்லது: இயேசு தண்ணீரிலிருந்து ஏறுகிறார், ஆவி புறாவைப்போல இறங்குகிறது, தந்தையின் குரல் கேட்கிறது. கடவுள் ஒருவரே, ஆனாலும் தமக்குள் தனியாக இல்லை என்பதுதான் நம்பிக்கை. அதற்கு மேல் மனிதக் கணக்குக்கு அடங்காது என்று ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அந்தக் காட்சி மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே வருகிறது. வேதாகமத்தை எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவருக்கு அதையே கொடுங்கள். 16 அதிகாரம்தான், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் சிறியது. முழு வேதாகமத்தைக் கையில் கொடுத்து "முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள்" என்றால், மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் பலி விதிகளில் மாட்டி அங்கேயே நின்றுவிடுவார்கள். நானே இரண்டு முறை நின்றிருக்கிறேன்.

"இயேசுவிடம் வந்தால் கடன் தீரும், விசா கிடைக்கும்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். கிடைக்காவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம்? இயேசுவின் அப்போஸ்தலரான பவுலே தன் உடலில் குத்திய முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார். முள் எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. இதை மறைத்துக் காட்டுவது வேறு ஏதோ வியாபாரம்.

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வதையும் விட்டுவிடலாம். ஏவாள் சாப்பிட்டது ஆப்பிள் என்று ஆதியாகமத்தில் இல்லை, கனி என்றுதான் இருக்கிறது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் பற்றி மத்தேயு சொல்வது மூன்று காணிக்கைகளை. எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் எண்ணிக்கை தரவில்லை. டிசம்பர் 25 என்ற தேதியும் எந்தச் சுவிசேஷத்திலும் கிடையாது. பிறர் இதைத் தேடிப் பார்த்துவிட்டு நம்மிடம் வந்து கேட்கும் காலம் இது.

பொட்டு வைக்காதே, அந்தப் பிரசாதத்தைத் தொடாதே என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. கேட்க வந்தவர் தன் அம்மாவைப் பழித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவராகக்கூட இருக்கலாம். அவரிடம் போய் மாதாவைப் பற்றிய நம் சபைச் சண்டையை இறக்கி வைக்க வேண்டாம். 325-ல் நிக்கேயாவில் எழுந்த விசுவாச அறிக்கை கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையார் இருவருக்கும் பொதுவானது, முதலில் அதை மட்டும் பேசினாலே ஆறு மாதம் ஓடும்.

நம் சர்ச்சுக்கு வர ஆசைப்பட்டால் முன்கூட்டியே சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். எத்தனை மணி நேரம் ஆகும், செருப்பை வெளியே விடவேண்டுமா, காணிக்கைப் பை வந்தால் போட்டே ஆகவேண்டுமா என்பதெல்லாம் அவருக்குப் பெரிய கவலைகள். கத்தோலிக்க ஆராதனையான திருப்பலியில் கொடுக்கும் அப்பம், அதாவது நற்கருணை, கத்தோலிக்கருக்குத்தான், மற்ற சபைகளிலும் திருவிருந்து பொதுவாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே. இதைச் சொல்லாமல் விட்டால், எல்லோரும் எழுந்து போகும்போது அவரும் பின்னாலேயே வந்து நிற்பார், நாமும் அவரும் சங்கடப்படுவோம். "இன்று புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று மைக்கில் சொல்லும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் போதகரிடம் முதல்நாளே பேசிவிடுங்கள். ஆராதனை முடிந்ததும் பிரசங்கம் எப்படி இருந்தது என்று வாசலிலேயே கேட்க வேண்டாம். பக்கத்தில் எங்காவது டீ குடிக்கக் கூட்டிப் போங்கள். இந்த முறை டீ ஆறுவதற்குள் அவர் பேசட்டும்.