காரைக் குறைக்க நினைக்கும் நகரங்கள் சறுக்கும் இடங்கள்

கார் இல்லாமல் நகர முடியாத நிலையிலிருந்து ஊர்கள் மீள முடியுமா என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் நெதர்லாந்துக்குச் சரி, அவங்க பிறந்ததிலிருந்தே சைக்கிள்தானே" என்பார்கள். முதல் தவறே இந்த நினைப்புதான். 1950, 60களில் அங்கும் கார்கள் பெருகின, சைக்கிள்கள் குறைந்தன, ஊர்ச் சதுக்கங்கள் கார் நிறுத்தும் இடங்களாயின. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே பெயர் வைத்து ஓர் இயக்கம் கிளம்பியது. இன்று அங்கே நாம் பார்க்கும் தெருக்கள் பரம்பரைச் சொத்தல்ல, போராடிப் பெற்றவை.

அடுத்தது, ஒரே ஒரு அழகான பாதை போட்டுவிட்டு மாற்றத்துக்குக் காத்திருப்பது. நெதர்லாந்தே செய்து பார்த்த தவறு இது. 1970களில் ஹேக், டில்பர்க் நகரங்களில் அரசுப் பணத்தில் மாதிரி சைக்கிள் பாதைகள் போட்டார்கள். பாதைகள் தரமானவை. பக்கத்துத் தெருக்களில் ஓட்டியவர்கள் அவற்றுக்கு மாறினார்கள். ஆனால் புதிதாகச் சைக்கிளை எடுத்தவர்கள் அதிகமில்லை. எடுக்க மாட்டார்கள்தான். வாசலிலிருந்து பாதை வரைக்கும், பாதை முடிந்த இடத்திலிருந்து பள்ளி வரைக்கும் அதே பழைய பயம். பத்து வயது மகளைத் தனியே அனுப்பலாமா என்று யோசிக்கும் தாய்க்கு நல்ல இரண்டு கிலோமீட்டர் கண்ணில் படாது, ஆபத்தான அந்த ஒரு சந்திப்புதான் படும். 1980களில் டெல்ஃப்ட் நகரம் விட்டுப்போன இடங்களை இணைத்து, ஊர் முழுக்க வலைபோலப் பாதை அமைத்தது. சைக்கிள் பயணம் அங்கே கூடியது.

காரின் வசதியில் கைவைக்காமலே மற்றதையெல்லாம் செய்வதும் பலிக்காது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம். 1977இல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாது. சுற்றுச்சாலைக்குப் போய்த்தான் திரும்ப உள்ளே வர வேண்டும். நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும் நேரே போகலாம். கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் நகராட்சி பின்வாங்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, 2017இல், பெல்ஜியத்தின் கென்ட் நகரம் இதே முறையை எடுத்துக்கொண்டது.

மாற்று வழி தராமல் கார்களிடம் கட்டணம் வசூலிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கோபம்தான் மிஞ்சும். சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகளை ஓடவிட்டு, நகர மையத்துக்குள் போய்வரும் வண்டிகளுக்கான நெரிசல் கட்டணத்தை 2006 ஜனவரியில்தான் தொடங்கியது.

மக்கள் அனுபவித்துப் பார்க்கும் முன்பே அவர்களிடம் முடிவு கேட்பதும் தவறு. ஸ்டாக்ஹோமில் தொடக்கத்தில் பெரும்பான்மையோர் கட்டணத்தை விரும்பவில்லை. அது ஏழு மாதச் சோதனை மட்டுமே. ஜூலை முடிவில் கட்டணம் நின்றது, வண்டிகளும் பெருமளவு திரும்பி வந்தன. இரண்டையும் கண்ணால் பார்த்த நகரவாசிகள் செப்டம்பரில் வாக்களித்தார்கள்: கட்டணம் தொடரட்டும் என்று.