ஃபுளோரைடு தண்ணீர்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன வாரம் தருமபுரி பக்கம் ஒரு கிராமத்தில், புதிதாக வேலைக்கு வந்த பையன் டிடிஎஸ் மீட்டரைச் சொம்புக்குள் முக்கி, "நானூறுதான்கா, நல்ல தண்ணி" என்றான். அந்த அக்காவின் மகனுக்குப் பல்லெல்லாம் காவிக் கறை, குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு மிஞ்சினால் வருவது. பையனைத் திட்ட வாய் வரவில்லை, ஒரு காலத்தில் நானும் இப்படிச் சொன்னவன்தான்.

டிடிஎஸ் மீட்டர்

அது மொத்த உப்பைத்தான் காட்டும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் உப்பில் 3 மில்லிகிராம் ஃபுளோரைடு எங்கே தெரியப்போகிறது? இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை.

கொதிக்க வைப்பது

கிருமி சாகும். ஃபுளோரைடு அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும்.

இன்னும் ஆழமாகப் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு வீட்டில் 300 அடி போரில் ஃபுளோரைடு 1.8 வந்தது. கீழே போனால் சுத்தமான ஊற்று கிடைக்கும் என்று ரிக் வண்டிக்காரர் சொல்ல, நானும் தலையாட்டினேன், அந்த அம்மா நகையை அடகு வைத்து 900 அடி இறக்கினார். வந்தது 3.4. வங்காளப் படுகையில் ஆர்சனிக் பெரும்பாலும் மேல்மட்ட மணலில் இருப்பதால் அங்கே ஆழக்குழாய் தீர்வாகலாம், நான் படித்திருந்தது அதைத்தான். நம் ஊரோ பாறை. ஃபுளோரைடு அந்தப் பாறையின் கனிமங்களிலிருந்தே கரைந்து வருகிறது, ஆழத்து வெடிப்புகளில் தண்ணீர் எத்தனை காலம் ஊறிக் கிடக்கிறதோ அத்தனைக்கு ஏறும் (எல்லாப் போரிலும் இப்படித்தான் என்றில்லை, ஆனால் பணயம் வைக்கும் அளவுக்கு நல்ல சூதாட்டம் இல்லை). கொடுமை என்னவென்றால், புதுத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது என்று அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கால்சியம் குறைந்த தண்ணீர்தான் அப்படி இருக்கும், அதில்தான் ஃபுளோரைடு படியாமல் நிறையத் தங்கும். இப்போதும் என்னைப் பார்த்தால் "வா தம்பி" என்று காபி போட்டுத் தருகிறார். தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

குடிக்க மட்டும் நல்ல தண்ணீர்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும், அதைக் குடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, சோறும் சாம்பாரும் போர் தண்ணீரில். அப்புறம் வயிற்றுக்குள் போவது எது?

சோதனைக்கான தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் எடுப்பது

வேண்டாம். பிளாஸ்டிக்.