பெட்டியின் அடியில் கிடக்கும் பிளேட்டு: டெல்டாவில் பழைய இசைத்தட்டு தேடுவது எப்படி

பழைய இசைத்தட்டு வேண்டும் என்றால் எல்லோரும் சென்னைக்குத்தான் வழி சொல்வார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் அங்கே கடைக்கு வருவது பத்துப் பேர் புரட்டிப் பார்த்துக் கழித்த சரக்கு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் யாரும் திறக்காத பெட்டிகள் இருக்கின்றன.

முதலில் போக வேண்டிய இடம் பழைய மைக் செட் கடை. கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அப்பாவும் மைக் செட்தான் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் விடிகாலையில் தென்னை மரத்தில் குழாயைக் கட்டிப் பாட்டுப் போட்டுவிட வேண்டும். ஜனங்கள் கேட்ட சினிமாப் பாட்டெல்லாம் ஓடி ஓடி வெளுத்துப்போயிற்று. யாரும் கேட்காத பிளேட்டு மட்டும் பெட்டியின் அடியில், உறை கூடக் கசங்காமல் கிடந்தது. நான் தேடும் முறையே இதிலிருந்து வந்ததுதான். மைக் செட்காரர் பெட்டியைத் திறந்தால் மேலே இருப்பதைப் பார்க்காதீர்கள். அடியிலிருந்து எடுங்கள்.

கடை இப்போது ஃபோட்டோ ஸ்டுடியோவாகவோ ஷாமியானா வாடகைக் கடையாகவோ மாறியிருக்கும். "அண்ணே, பழைய ஆம்ப்ளிஃபயர் ஏதாவது கிடக்கா?" என்று ஆரம்பியுங்கள். பிளேட்டு தானாகப் பின்னால் வரும். எடுத்த எடுப்பிலேயே பிளேட்டைக் கேட்டால் பழைய பிளேட்டு நல்ல விலை போகும் என்று சொல்லும் யூடியூப் வீடியோ அவருக்கு ஞாபகம் வந்து விலை ஏறிவிடும்.

காலம் பார்த்தும் போக வேண்டும். மார்கழிக் கடைசி வாரம்தான் நல்ல நேரம். போகிக்காகப் பரணைக் காலி செய்வார்கள், வெள்ளையடிப்பார்கள், காயலாங்கடை வண்டி தெருத்தெருவாக வரும். வண்டிக்காரரிடம் முன்பே சொல்லி வைத்தால் தட்டை எடைக்குப் போடாமல் தனியாக எடுத்து வைப்பார். அக்ரஹாரத்தில் வீடு கைமாறும்போதும் இப்படித்தான். இரண்டாம் கட்டில், மச்சில், நெல் குதிருக்குப் பின்னால் என்று எங்கெங்கோ கிடக்கும். எச்.எம்.வி. கம்பெனியின் நாய் படம் போட்ட சின்னத் தகர டப்பா கண்ணில் பட்டால் விசாரியுங்கள். அது கிராமபோன் ஊசி டப்பா. இப்போது அதில் சேஃப்டி பின் இருக்கும், ஆனால் ஊசி இருந்த வீட்டில் பிளேட்டும் இருந்திருக்கும்.

சரி, கைக்கு வந்ததை எப்படிப் பார்ப்பது? கனமாக, வளையாமல் இருந்தால் அது 78 சுற்றுத் தட்டு, அதாவது நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றுவது. அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் சில்லு சில்லாகிவிடும். லேசாக வளைந்து கொடுத்தால் வினைல், அதாவது சில பாட்டுகள் மட்டும் கொண்ட 45 சுற்று ஈ.பி. அல்லது நிறையப் பாட்டுகள் கொண்ட பெரிய 33⅓ சுற்று எல்.பி. அரக்குத் தட்டை நடு ஓட்டையில் விரல் கொடுத்துத் தூக்கி, மண்பானை வாங்கும்போது சுண்டுவது போல ஓரத்தில் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது. சத்தம் செத்துப்போயிருந்தால் எங்கேயோ விரிசல். அப்புறம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் அதிகம் ஓடாதது. சாம்பல் பூத்தது போலிருந்தால் இரும்பு ஊசி உழுதுவிட்டது, கழுவினாலும் திரும்பாது.

78 என்றாலே தாத்தா காலத்தது என்று நினைத்துக் காசைக் கொட்டாதீர்கள். இந்தியாவில் 1960-களிலும் 78 வந்துகொண்டிருந்தது. எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாட்டுகளே அதில் ஏராளம். பழசா என்பதை லேபிள் சொல்லும். ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் வெறுமை என்றால் மிகப் பழசு. லேபிளில் நாய்க்குப் பதில் இறகுப் பேனா பிடித்த குட்டித் தேவதை உட்கார்ந்திருந்தால் அதுவும் அப்படியே. 1908-இல் கல்கத்தாவில் தொழிற்சாலை வருவதற்கு முன்னால், இங்கே பாடியதை ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்பித்தான் தட்டாக்கிக் கொண்டுவந்தார்கள். லேபிளில் ஹானோவர் என்று இருந்தால் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். லேபிளை ஒட்டி, பாட்டு முடிந்த இடத்தில் அரக்கிலேயே பொறித்த எண் ஒன்று இருக்கும். அதுதான் ஒலிப்பதிவின் சொந்த எண். லேபிள் நிறம் மாறி மறுபடி அச்சடித்தாலும் பெரும்பாலும் அது மாறாது. ஒரே பாட்டை இரண்டு தடவை வாங்காமலிருக்க அதைக் குறித்து வையுங்கள்.

எதைத் தேடுவது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் இந்தப் பக்கம் கிடைக்கும், ஆனால் தேய்ந்துதான் கிடைக்கும். அவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்கிறார்கள். 1933-இல் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பிளேட்டும் அப்படியே. அதிசயம் வேண்டுமானால் நாடக செட்டைத் தேடுங்கள். வசனமும் பாட்டுமாக ஒரு முழு நாடகத்தை, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் வீதம் பல தட்டுகளில் பிரித்திருப்பார்கள். வள்ளி திருமணத்தில் முருகன் கிழவன் வேஷத்தில் வந்து பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கம் முடிந்துவிடும், திருப்பிப் போட வேண்டும். செட்டில் ஒரு தட்டாவது காணாமல் போயிருக்கும். லேபிளில் பாகம் எத்தனை என்று போட்டிருப்பதைப் பார்த்து, விட்டுப்போனதைப் பக்கத்து ஊரில் தேடுங்கள். அந்தத் தேடல்தான் இதில் சுவாரஸ்யம்.

அடுத்தது நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் இஸ்லாமியப் பாட்டு ஈ.பி.க்களையும் கட்சிப் பாட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. சிங்கப்பூர், மலேயா போய்வந்தவர்கள் வீட்டில் நம் கடைகளில் காண முடியாத அந்த ஊர்த் தட்டுகளும் இருக்கும்.

நாகஸ்வர வித்வான்கள் வீட்டில் மட்டும் நான் விலை கேட்பதில்லை. அங்கே இருப்பது தாத்தா வாசித்த பிளேட்டாக இருக்கும். கேட்டு, அனுமதி வாங்கி, பதிவு செய்துகொண்டு வந்தால் போதும்.

டெல்டாவில் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் உறைக் காகிதம் பூசணம் பிடித்து லேபிளோடு ஒட்டிக்கொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் கூரை ஓடுகளைத் தூக்கியபோது வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் பரணில் இருந்ததெல்லாம் நனைந்தது. நனைந்த உறையைப் பிய்க்காதீர்கள், நிழலில் காயவிட்டு மெதுவாக உரியுங்கள். கழுவ, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும், லேபிளில் ஈரம் படக் கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டால் அரக்கே கரையும். வெயிலில் வைத்தால் அப்பளம்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்க வையுங்கள், சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி.

கேட்பதற்கு எல்.பி. ஊசியைப் போடாதீர்கள். 78-இன் பள்ளம் அகலம், சின்ன ஊசி அடியில் இறங்கி அழுக்கைத்தான் வாசிக்கும். 78-க்கென்றே ஊசி விற்கிறார்கள், இணையத்தில் வாங்கலாம். பழைய சாவி கிராமபோனில் போட்டால் பக்கத்துக்கு ஒரு புது இரும்பு ஊசி, அதில் கஞ்சத்தனம் கூடாது.

உடைந்த தட்டு கிடைத்தாலும் தூக்கிப் போட வேண்டாம். லேபிளையும் பொறித்த எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் உள்ள ஒரு நாடக செட்டில் இன்னும் கிடைக்காத தட்டின் எண் எனக்குத் தெரிந்ததே வலங்கைமானில் கிடைத்த பாதித் துண்டிலிருந்துதான்.