எமுலேட்டரில் கடிகாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எமுலேட்டர் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை நடித்துக்காட்டும் நிரல். உள்ளே ஓடுவது கெஸ்ட், அதைத் தாங்கும் நிஜக் கணினி ஹோஸ்ட். எமுலேட்டர் எழுதுகிறவர் ஹோஸ்ட் கணினியிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார். இப்போது மணி என்ன? போன தடவை பார்த்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஆச்சு? இந்த இரண்டுக்கும் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

மணி சொல்லும் கடிகாரத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்த முடியும். திருத்தினால் அது முன்னாலும் தாவும், பின்னாலும் தாவும். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையிலும் மரம் சாய்ந்து கரண்ட் போகும். கரண்ட் வந்ததும், மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன பழைய டெஸ்க்டாப் ஏதோ ஒரு பழைய தேதியோடு பூட் ஆகும். நெட் அதற்கும் பிறகுதான் வரும், வந்ததும், நெட்டில் நேரம் கேட்டுத் திருத்தும் என்டிபி தேதியைச் சரியாக்கும். அந்த நேரத்தில் எமுலேட்டர் ஓடிக்கொண்டிருந்தால், இத்தனை வருஷம் கடந்துவிட்டது என்று நம்பி, விட்டுப்போன டைமர் இன்டரப்ட் (நேரம் ஆச்சு என்று சிபியுவைத் தட்டும் சிக்னல்) எல்லாவற்றையும் கெஸ்ட்டுக்குள் தள்ளப் பார்க்கும். பழைய பிசியின் டைமர், டாஸ் என்ற பழைய ஓஎஸ்ஸில் நொடிக்குச் சுமார் 18.2 தடவை அடிக்கும். ஒரே ஒரு நாள் தாவினாலே 15 லட்சத்துக்கு மேல் இன்டரப்ட், திரை அப்படியே உறைந்துவிடும். பின்னால் தாவினாலோ கழித்த விடை மைனஸில் வரும், அதை அன்சைன்டு (மைனஸ் எண்ணை ஏற்காத) மாறியில் வைத்திருந்தால் மிகப் பெரிய எண்ணாக மாறிவிடும்.

அதனால் கழிந்த நேரத்துக்கு, திருத்தினாலும் பின்வாங்காத கடிகாரம் வேண்டும். லினக்ஸில் கிளாக் மோனோடோனிக், விண்டோஸில் க்வெரி பெர்ஃபாமன்ஸ் கவுண்டர், மேக்கில் மாக் அப்சல்யூட் டைம். சி++ என்றால் ஸ்டெடி கிளாக். ஹை ரெசல்யூஷன் கிளாக் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், சில லைப்ரரிகளில் அது மணி சொல்லும் கடிகாரமேதான். ஸ்டாண்டர்ட் சி தரும் கிளாக் ஃபங்ஷனும் ஆகாது: யூனிக்ஸ் வகைகளில் அது சிபியு உழைத்த நேரத்தைச் சொல்லும், விண்டோஸில் கழிந்த நேரத்தைச் சொல்லும்.

சரி, கடிகாரம் மாற்றியாச்சு. அப்புறமும் லேப்டாப்பை மூடித் திறந்தால் என்ன ஆகும்? தூங்கிய நேரத்தை எல்லா ஓஎஸ்ஸும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. இடைவெளிக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டியதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது அலகு. இன்டெல் மேக்கில் ஒரு டிக், அதாவது கடிகாரத்தின் ஓர் எண்ணிக்கை, ஒரு நானோசெகண்டாகவே இருந்ததால், பலர் மாற்றாமலே பயன்படுத்திவிட்டார்கள். ஆப்பிள் சிலிக்கானில் ஒரு டிக் சுமார் 41.67 நானோசெகண்ட், இந்த விகிதத்தை ஓஎஸ்ஸிடம் கேட்டு வாங்கித்தான் பெருக்க வேண்டும். விண்டோஸில் கவுண்டர் பெரும்பாலும் நொடிக்கு 1 கோடி டிக். அதை நானோசெகண்டாக்க நேராக 100 கோடியால் பெருக்கிவிட்டு வகுத்தால், மெஷின் பூட் ஆன 15 நிமிஷத்திலேயே 64 பிட் சைன்டு எண் நிரம்பி வழியும், ஐந்து நிமிஷம் மட்டும் சோதிக்கிறவருக்கு இது கண்ணில் படாமலே போகலாம். முழு நொடிகளை முதலில் வகுத்தெடுத்துவிட்டு, மீதியை மட்டும் பெருக்குங்கள்.

மணி சொல்லும் கடிகாரம் தேவைப்படுவது கெஸ்ட்டின் ஆர்டிசி சிப்புக்குத்தான், அதாவது தேதியும் மணியும் வைத்திருக்கும் சிப்புக்கு. இங்கே பலர் விழும் குழி, சிப்பில் மணி, நிமிஷம் தனித்தனியாக இருக்கும் ஒவ்வொரு ரிஜிஸ்டரைப் படிக்கும்போதும் ஹோஸ்டிடம் புதிதாக நேரம் கேட்பது. மணியை 10:59:59-இல் படித்து, நிமிஷத்தை 11:00:00-இல் படித்தால் கெஸ்ட்டுக்கு 10:00 கிடைக்கும், ஒரு மணி நேரமே காணாமல் போகும். நொடிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து வைத்து, அதிலிருந்தே கொடுங்கள். சி தரும் மாதம் 0-இலிருந்தும், வருஷம் 1900-இலிருந்தும் எண்ணப்படுகிறது. சிப்பிலோ எண்கள் பெரும்பாலும் பிசிடி வடிவத்தில், அதாவது ஒவ்வொரு தசம இலக்கமும் தனி நான்கு பிட்டாக, எதிர்பார்க்கப்படுகின்றன.

டாஸ், விண்டோஸ் கெஸ்ட்டுகள் ஆர்டிசியில் உள்ளூர் நேரத்தை எதிர்பார்க்கும், லினக்ஸ் வழக்கமாக யுடிசியை, அதாவது உலகப் பொது நேரத்தை. ஆகவே இதைப் பயனர் தேர்ந்தெடுக்க வழி வையுங்கள். நேர மண்டல வித்தியாசத்தை முழு மணியாக வைக்கும் நிரல் இன்னும் உலவுகிறது, நமக்கு 5:30 என்பதால் ஊட்டியில் ஓட்டினால் அரை மணி பிசகும். அதை நிமிஷத்திலோ நொடியிலோ வையுங்கள்.

கெஸ்ட் தன் தேதியை மாற்றினால் ஹோஸ்டைத் தொடக் கூடாது. வித்தியாசத்தை மட்டும் 64 பிட் நொடிகளாக, ஆர்டிசி சிப்பின் நினைவகத்தை வைக்கும் சிமோஸ் ஃபைலோடு சேமித்தால் போதும். 32 பிட்டில் வைத்தால், 1985-க்கு மாற்றிய கெஸ்ட் தாங்கும், 2100-க்குத் தாவும் கெஸ்ட் தாங்காது.